டான்பரி ட்ராஷர்ஸ்: இரண்டு சீசன், ஒரு குப்பைத்தொட்டி

நான் கோவில்பட்டிக்காரன். எங்கள் ஊரில் ஹாக்கி மட்டையைக் கையில் பிடிக்காமல் பள்ளிக்கூடம் முடித்தவர்கள் குறைவு. மே மாத வெயிலில் அகில இந்தியப் போட்டி நடக்கும். கேலரியில் இடம் கிடைக்காமல் நின்றே பார்த்து வளர்ந்தவன் நான். ஆகவே வேலை நிமித்தமாக அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் டான்பரி என்ற ஊருக்கு வந்து சேர்ந்த முதல் குளிர்காலத்தில், மகளின் பள்ளியில் ஹாக்கி மேட்சுக்கு இலவச டிக்கெட் கொடுத்தார்கள் என்றதும் ஒரு நிபுணனின் தோரணையோடுதான் கிளம்பினேன். "அப்பாவுக்கு ஹாக்கி அத்துப்படி" என்று அவளிடம் சொல்லியும் வைத்தேன்.

அந்தத் தோரணை பத்து நிமிடம் நின்றது. இது பனித்தரையில் சறுக்கிக்கொண்டே ஆடும் ஐஸ் ஹாக்கி. முதலில், பந்தே கிடையாது. பக் என்று ஒரு ரப்பர் வில்லை; மூன்று அங்குல அகலம், ஓர் அங்குலத் தடிமன். மேட்சுக்கு முன்னால் அதை ஃப்ரீசரில் வைத்து உறைய வைக்கிறார்கள், இல்லாவிட்டால் பனியில் துள்ளுமாம். பக்கத்துக்கு ஆறு பேர். ஒரு நிமிடம்கூட ஆகாது, சுவரைத் தாண்டிக் குதித்து ஆளை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். ஆட்டம் அதற்காக நிற்பதில்லை. பக் போய்ப் பக்கத்துப் பலகையில் மோதும் சத்தம், மூடிய அறைக்குள் லட்சுமி வெடி வெடித்த மாதிரி. முதல் தடவை நான் தலையைக் குனிந்துவிட்டேன். மகள் பார்த்துவிட்டாள்.

அப்புறம் சண்டை. இரண்டு பேர் திடீரென்று கையுறைகளை உதறிப் பனியில் போட்டார்கள். இடக்கையால் எதிராளியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு வலக்கையால் குத்து. மற்ற ஆட்டக்காரர்கள் நாகரிகமாக ஒதுங்கி நின்றார்கள். நடுவர்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். ஒருவன் கீழே விழுந்த பிறகுதான் உள்ளே புகுந்து பிரித்தார்கள். அரங்கமே எழுந்து நின்று கண்ணாடித் தடுப்பைத் தட்டியது. இருவருக்கும் தண்டனை ஆளுக்கு ஐந்து நிமிடம் பெட்டியில் உட்காருவது. எங்கள் ஹாக்கியில் மஞ்சள் அட்டை வாங்கினால் வெளியே உட்காரும் குறைந்தபட்ச நேரம் அது. இங்கே முகத்தில் குத்தினால் அதே ஐந்து நிமிடம்.

பக்கத்து இருக்கையில் எழுபது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். நைந்துபோன தொப்பி போட்டிருந்தார். அதில் ஒரு குப்பைத்தொட்டி, அதற்குக் கோபமான முகம், கையில் ஹாக்கி மட்டை. சண்டை முடிந்து எல்லோரும் உட்கார்ந்த பிறகு, மரியாதையாகத்தான் கேட்டேன்: "நீங்கள் துப்புரவுத் துறையில் வேலை பார்த்தவரா?"

அவர் சிரித்த சிரிப்பில் முன்வரிசை திரும்பிப் பார்த்தது. "இது எங்க டீம்" என்றார். "ரெண்டே வருஷம்தான் இருந்துச்சு. இன்னிக்கு நீங்க பார்த்தது சண்டையே இல்ல."

அன்றைக்கு அவர் ஆரம்பித்த கதையைத்தான் அதற்கப்புறம் பல இரவுகள் உட்கார்ந்து படித்துத் தீர்த்தேன்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. டான்பரி நியூயார்க்கிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத் தூரம். ஒரு காலத்தில் தொப்பி ஊர். 1887-இல் இங்கே முப்பது தொழிற்சாலைகள் வருடத்துக்கு 50 லட்சம் தொப்பிகள் செய்திருக்கின்றன. முயல் ரோமத்தைத் தொப்பிக்கான ஃபெல்ட் துணியாக்கப் பாதரசக் கரைசலைப் பயன்படுத்தினார்கள். அந்த ஆவியை வருடக்கணக்கில் சுவாசித்த தொழிலாளிகளுக்குக் கை நடுங்கும், பேச்சு குழறும். அந்த நோய்க்கே 'டான்பரி நடுக்கம்' என்று பெயர் வைத்தார்கள். எங்கள் ஊர் தீப்பெட்டி ஆபீசுகளை அறிந்தவனுக்கு இந்தக் கதையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. அமெரிக்கர்கள் தொப்பி போடுவதை விட்டார்கள். 1964-இல் கடைசித் தொழிற்சாலையும் மூடியது. நூறு வருடத்துக்கு மேல் நடந்த பெரிய சந்தைத் திருவிழா ஒன்று இருந்தது. அது 1981-இல் நின்று, அந்த இடத்தில் ஒரு மால் வந்தது. மத்திய அரசின் சிறைச்சாலை ஒன்றும் உண்டு. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு, தொலைக்காட்சியில் தங்களைத் திட்டிய நகைச்சுவையாளர் ஜான் ஆலிவரின் பெயரை 2020-இல் மேளதாளத்தோடு வைத்த ஊரும் இதுதான். கேலியைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளத் தெரிந்த ஊர். குப்பைத்தொட்டியைச் சின்னமாக ஏற்றுக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை.

கனெக்டிகட்டுக்கு ஒரு ஹாக்கி ஏக்கமும் இருந்தது. மாநிலத்துக்கு இருந்த ஒரே பெரிய அணி, ஹார்ட்ஃபோர்டு வேலர்ஸ், 1997-இல் மூட்டை கட்டிக்கொண்டு வட கரோலினாவுக்குப் போய்விட்டது. அமெரிக்காவில் அணி என்பது ஊருடைய சொத்து இல்லை, முதலாளியின் சொத்து. பிடிக்கவில்லை என்றால் சர்க்கஸ் கூடாரம் மாதிரி பிரித்து எடுத்துக்கொண்டு போகலாம். இரண்டாம் நிலை அணிகள் ஹார்ட்ஃபோர்டிலும் பிரிட்ஜ்போர்ட்டிலும் இருந்தன. டான்பரியில் 1999-இல் கட்டிய ஒரு பனி அரங்கு மட்டும் இருந்தது. குழந்தைகள் சறுக்கிப் பழகுவார்கள், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் வருகிறார் ஜேம்ஸ் கலாண்டே. அந்த வட்டாரத்தின் பெரிய குப்பை அள்ளும் தொழிலதிபர். இங்கே கடைகளும் ஆலைகளும் தங்கள் குப்பையை அள்ளத் தனியார் நிறுவனங்களுக்குப் பணம் கட்டுகின்றன. அந்த லாரிகளில் பெரும்பகுதி இவருடையவை. 2004-இல் யுனைடெட் ஹாக்கி லீக் என்ற சிறு லீகில் ஒரு புது அணிக்கான உரிமையை வாங்கினார். வாங்கி, அணியின் தலைவர், பொது மேலாளர் என்ற இரண்டு பொறுப்புகளையும் தன் மகன் ஏ.ஜே.யிடம் கொடுத்தார். பையனுக்கு வயது 17.

பதினேழு. நான் அந்த வயதில் கணக்கு ட்யூஷனுக்குப் போகாமல் எப்படித் தப்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நம் ஊரிலும் அப்பா மகனுக்குக் கடை வைத்துக் கொடுப்பதுண்டு. செல்போன் கடை, ஜெராக்ஸ் கடை. இந்த அப்பா தொழில்முறை ஹாக்கி அணி வைத்துக் கொடுத்தார். அணிக்குப் பெயர் 'ட்ராஷர்ஸ்'. ட்ராஷ் என்றால் குப்பை. அடித்து நொறுக்குவதற்கும் அதே சொல்தான். குடும்பத் தொழிலும் அணியின் கொள்கையும் ஒரே வார்த்தையில் அடங்கிவிட்டன.

பையன் விளையாட்டாக நடத்திவிட்டுப் போயிருந்தால் இந்தக் கதை இல்லை. அவனுக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்திருந்தது: டான்பரி ஜனங்கள் நுணுக்கமான பாஸைப் பார்க்கக் காசு கொடுத்து வரமாட்டார்கள். ஆகவே லீகிலேயே அதிகம் குத்துகிறவர்களைத் தேடிப் பிடித்தான். பிராட் விங்ஃபீல்டு என்று ஒருவர். முதல் சீசனில் அவர் வாங்கிய தண்டனை நிமிடங்கள் ஐந்நூறைத் தாண்டின. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு மனிதனுக்கு ஒரு சீசனில் எட்டு மணி நேரத்துக்கும் மேலான தண்டனை. ஒரு ஷிப்டு வேலை. ஆனால் குத்துகிறவர்களை மட்டும் வைத்து ஜெயிக்க முடியாது என்பதும் பையனுக்குத் தெரிந்திருந்தது. கோல் அடிக்கத் தெரிந்தவர்களையும் சேர்த்தான். விளைவாக வந்தது லீகில் மற்ற எல்லா ஊரும் வெறுத்த ஒரு நல்ல அணி. அடாவடியாக மட்டும் இருந்தால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். அடாவடியாகவும் இருந்து ஜெயிக்கவும் செய்தால்தான் பிறர் வயிறு எரியும்.

அதிர்ஷ்டமும் கைகொடுத்தது. அந்த 2004-05 சீசனில் உச்சியில் இருக்கும் தேசிய ஹாக்கி லீகில் முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் சம்பளத் தகராறு முற்றி, கதவடைப்பு. 1,230 மேட்சுகளும் ரத்து. ஒரு முழு சீசனே காணாமல் போனது. கோடிகளில் சம்பளம் வாங்கியவர்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவரான மைக் ரப், 2003-இல் அந்த லீகின் ஸ்டான்லி கோப்பை இறுதிப் போட்டியின் ஏழாவது மேட்சில், நியூஜெர்சி டெவில்ஸ் அணிக்கு வெற்றி கோலை அடித்தவர். அவர் டான்பரிக்கு வந்து குப்பைத்தொட்டிச் சட்டை மாட்டி ஆடினார். ஐ.பி.எல். இறுதியில் கடைசிப் பந்தில் சிக்ஸர் அடித்தவர் அடுத்த வருடம் நம் தாலுகா லீகில் வந்து இறங்கினால் எப்படி இருக்கும், அப்படி.

அரங்கு சிறியது, மூவாயிரம் பேர் போனால் மூச்சு முட்டும். கலாண்டே தன் செலவில் இருக்கைகளைக் கூட்டினார். 102 என்று எண் போட்ட பகுதி ஒன்று. அங்கே உட்காருகிறவர்கள் எதிரணியை வாயால் வதைப்பதில் பேர் பெற்றவர்கள். இன்றைக்கும் அந்த 102 உயிரோடு இருக்கிறது. நான் ஒருமுறை தெரியாமல் அங்கே டிக்கெட் வாங்கிவிட்டேன். எதிரணி கோல்கீப்பரின் அம்மா தொடங்கி அவருடைய ஷூ லேஸ் வரை விமர்சனம் போனது. மகளின் காதைப் பொத்துவதா என் காதைப் பொத்துவதா என்று தெரியவில்லை. பெரியவரும் அந்தக் காலத்தில் 102-காரர்தானாம். "தொண்டை போயிடும். திங்கக்கிழமை ஆபீஸ்ல பேச முடியாது" என்றார், சுகமான நினைவைச் சொல்கிற முகத்தோடு.

சரி, இப்போது பணத்துக்கு வருவோம். எனக்கு இந்தக் கதையில் பிடித்ததும் உறுத்துவதும் இந்த இடம்தான்.

சிறு லீகுகளில் ஒரு பணக்கார முதலாளி எல்லா நல்ல ஆட்டக்காரர்களையும் வளைத்துப் போட்டுவிடக் கூடாது என்று சம்பள உச்சவரம்பு வைப்பார்கள். யுனைடெட் ஹாக்கி லீகில் ஓர் அணி சீசனுக்கு மொத்தமாக 2,75,000 டாலருக்கு மேல் சம்பளம் தரக்கூடாது என்பது அப்போதைய விதி. இருபது பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்குப் பதினாலாயிரம் டாலர்கூடத் தேறாது. பல் உடைவதும் தாடை பெயர்வதும் இந்தச் சம்பளத்தில் அடக்கம். கோடைக்காலத்தில் இவர்கள் கட்டட வேலைக்கோ லாரி ஓட்டவோ போவார்கள்.

உச்சவரம்பு என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு அடுத்த சொல் தானாக வந்துவிடும்: பினாமி. நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது நம் மிராசுதார்கள் சமையல்காரர் பேரிலும் வண்டிக்காரர் பேரிலும் பட்டா மாற்றினார்களே, அதே வித்தைதான். ஆட்டக்காரருக்கு ஹாக்கி அணியின் கணக்கில் ஒரு சிறிய சம்பளம். அதற்கு மேல், குப்பை நிறுவனத்தில் அவருக்கோ அவர் மனைவிக்கோ ஒரு வேலை. மஸ்டர் ரோலில் பெயர் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். சம்பளம் மட்டும் போய்ச் சேரும். இப்படி உண்மையான சம்பளச் செலவு சுமார் 7,50,000 டாலர் வரை போனது என்கிறது வழக்கு. லீகுக்கு அனுப்பிய கணக்கில் இது எதுவும் இல்லை. அமெரிக்கச் சட்டப்படி அந்தப் பொய்க்கணக்கை மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பியது ஒரு தனிக் குற்றம்.

முதல் தடவை இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தொழிலாளிக்குச் சம்பளம் குறைத்துக் கொடுத்ததற்காக முதலாளிகள் கம்பி எண்ணியதை நான் அதிகம் கேள்விப்பட்டதில்லை. இவர் கூடுதலாகக் கொடுத்து மாட்டிக்கொண்டார். இந்த ஊருக்கே இன்னொரு வரலாறும் உண்டு. தொப்பித் தொழிலாளர் சங்கம் ஒரு கம்பெனியின் தொப்பிகளைப் புறக்கணிக்கச் சொன்னதற்காக, ஏகபோகத்தைத் தடுக்க வந்த சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1908-இல் அந்தத் தொழிலாளிகள் மேலேயே திருப்பியது. நஷ்டஈட்டுக்காகத் தொழிலாளிகளின் வீடுகளும் வங்கிச் சேமிப்பும் ஜப்தி வரை போயின. இதையெல்லாம் படித்துவிட்டு ட்ராஷர்ஸ் விஷயத்துக்கு வந்தால், அட, நல்ல மனுஷன், ஆட்டக்காரர்களுக்கு அள்ளிக் கொடுத்திருக்கிறார், விடுங்களேன் என்றுதான் தோன்றும். பெரியவருக்கு இன்றும் அப்படித்தான் தோன்றுகிறது.

ஆனால் அள்ளிக் கொடுத்த பணம் எங்கிருந்து வந்தது? அதுதான் வழக்கின் பெரிய பகுதி. ஹாக்கி அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த சின்னத் துண்டு. குப்பை நிறுவனங்கள் தங்களுக்குள் வாடிக்கையாளர்களைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. இந்தக் கடை என்னுடையது, அந்தப் பள்ளிக்கூடம் உன்னுடையது. கடைக்காரர் வேறு நிறுவனத்தைக் கூப்பிட்டு விலை கேட்டால், அவர்கள் வேண்டுமென்றே அதிகமாகச் சொல்வார்கள் அல்லது விலையே சொல்லமாட்டார்கள். நம் டெண்டர் சிண்டிகேட்டை அறிந்தவர்களுக்குப் புதிதில்லை. இந்த ஏற்பாடு குலையாமல் இருக்க நியூயார்க்கின் ஜெனோவீஸ் மாஃபியா குடும்பத்தின் துணை. அதற்கு மாமூல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,000 டாலர். வாங்கிக்கொண்டவர் மேத்யூ ஐனியெல்லோ என்ற எண்பத்தைந்து வயது தாண்டிய கிழவர். தொழில் வட்டாரத்தில் 'குதிரை மேட்டி'. நம் ரவுடிகளின் பட்டப்பெயர்கள்தான் விநோதம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்த அரங்கத்தை மறுபடி கண்முன் கொண்டுவந்து பாருங்கள். பீட்சா கடைக்காரர், மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவர், மளிகைக்கடைக்காரர் எல்லோரும் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். பனியில் இறங்கும் நட்சத்திரத்தின் சம்பளத்தில் பாதி, குப்பை அள்ளும் கம்பெனியின் கணக்கிலிருந்து வருகிறது. அந்தக் கம்பெனியின் கணக்குக்குப் பணம், சிண்டிகேட்டால் ஏற்றப்பட்ட கட்டணத்திலிருந்து வருகிறது. டிக்கெட்டுக்கு ஒரு தடவை, குப்பைக்கு ஒரு தடவை என்று தங்கள் அணிக்கு இரண்டு தடவை பணம் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. இதைப் பெரியவரிடம் ஒருமுறை சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "இருக்கலாம். ஆனா நல்ல மேட்சு" என்றார்.

எனக்கு அவரோடு முழுக்க ஒத்துப்போக முடியவில்லை. முழுக்க மறுக்கவும் முடியவில்லை. கோயில் கொடைக்கு யார் பந்தல் போட்டது, அந்தப் பணம் எப்படி வந்தது என்று விசாரித்துவிட்டா நாம் கரகாட்டம் பார்க்கப் போனோம்?

2005 ஜூலையில் எஃப்.பி.ஐ. கலாண்டேயின் அலுவலகங்களைச் சோதனை போட்டது. இரண்டாவது சீசன் அந்த நிழலிலேயே நடந்தது. ஆட்டம் மட்டும் குறையவில்லை. 2006 வசந்தத்தில் ட்ராஷர்ஸ் லீகின் இறுதிச் சுற்று வரை போனார்கள். கலமசூ விங்ஸ் அணியிடம் தோற்று, கொலோனியல் கோப்பையைக் கோட்டைவிட்டார்கள். சில வாரங்கள்கூட ஆகவில்லை. ஜூன் மாதம் கலாண்டே உட்பட 29 பேர் மேல் குற்றப்பத்திரிகை. அணி கலைந்தது. ஊரே இனிப்புக் கடை மூடிய குழந்தை மாதிரி நின்றது என்றார் பெரியவர்.

2008-இல் கலாண்டே குற்றத்தை ஒப்புக்கொண்டார். 87 மாதச் சிறை, அதாவது ஏழே கால் வருடம். 25 நிறுவனங்களில் இருந்த உரிமையை அரசிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. இதில் ஒரு வேடிக்கை: அரசு நிறுவனங்களைக் கைப்பற்றிவிட்டது, சரி, ஆனால் குப்பை காத்திருக்காதே? விற்று முடிக்கும் வரை அந்தக் குப்பை கம்பெனிகளை நடத்தியது அமெரிக்க மார்ஷல் துறை. கௌபாய் படங்களில் குதிரை மேல் வந்து கொள்ளைக்காரனைப் பிடிப்பார்களே, அதே மார்ஷல்கள். காலையில் லாரி சரியாகக் கிளம்பியதா, டிரைவர் வந்தாரா என்று பார்க்கும் வேலை அவர்களுக்கு வந்து சேர்ந்தது.

மகன் மேல் வழக்கு இல்லை. பிறகு இதே ஊரில் குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடம் நடத்தினார். ஆட்களுக்குக் குத்தக் கற்றுக்கொடுப்பதில் அவருக்குத்தான் முன் அனுபவம் இருக்கிறதே. 2021-இல் ட்ராஷர்ஸ் கதையை ஓர் ஆவணப்படமாக எடுத்து உலகம் முழுக்கக் காட்டினார்கள். அதற்குப் பிறகு குப்பைத்தொட்டிச் சட்டைக்கு எங்கெங்கோ இருந்து கிராக்கி. மேட்சே பார்க்காதவர்கள் எல்லாம் போட்டுக்கொண்டு திரிகிறார்கள் என்பதில் பெரியவருக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு.

ஆவணப்படமும் கட்டுரைகளும் ஒரு விஷயத்தை அதிகம் பேசுவதில்லை. ட்ராஷர்ஸோடு சேர்ந்து 2004-இல் அதே லீகில் பிறந்த அடிரான்டாக் ஃப்ராஸ்ட்பைட், மோட்டார் சிட்டி மெக்கானிக்ஸ் என்ற இரண்டு அணிகளும் அதே 2006-இல் முடிந்துபோயின. அவற்றைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை. சிறு லீக் அணி சாவதற்கு எஃப்.பி.ஐ. தேவையில்லை. பஸ் வாடகை ஏறினால் போதும், மூன்று சனிக்கிழமை பனிப்புயல் அடித்துக் கூட்டம் குறைந்தால் போதும். அந்த லீகே அடுத்த வருடம் பெயரை மாற்றிக்கொண்டு 2010 வரை இழுத்துப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடியது. ட்ராஷர்ஸ் பிழைத்திருந்தால் எத்தனை வருடம் பிழைத்திருக்கும்? என் கணக்கில், உச்சவரம்பை மதித்து நடந்திருந்தால் மூன்றாவது சீசனில் கூட்டம் பாதியாகியிருக்கும். தெரியாது, ஊகம்தான்.

டான்பரி மட்டும் சளைக்கவில்லை. 2008-இல் மேட் ஹேட்டர்ஸ் என்று ஒன்று வந்தது, பாதரசத்தில் பித்துப் பிடித்த தொப்பிக்காரர்கள் என்ற பழைய வசவையே பெயராக வைத்துக்கொண்டு. அது ஒரே சீசன். 2010-இல் டான்பரி வேலர்ஸ் வந்து, ஐந்து வருடம் தாக்குப்பிடித்துப் போனது. பிறகு டைட்டன்ஸ், இரண்டு வருடம். 2019-இல் வந்ததுதான் நான் பார்க்கப் போகும் ஹேட் ட்ரிக்ஸ். அதே அரங்கு, அதே கண்ணாடி, அதே 102; சட்டை மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. 2023-இல் இவர்கள் லீக் கோப்பையை ஜெயித்தபோது பெரியவர், "ட்ராஷர்ஸுக்குக் கிடைக்காதது இந்தப் பசங்களுக்குக் கிடைச்சிருச்சு" என்றார். வாழ்த்தா வருத்தமா என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஹேட் ட்ரிக்ஸ் என்ற பெயர் எனக்கு மிகவும் பிடித்தது. தொப்பி ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேறு இல்லை. அந்தச் சொல்லே கிரிக்கெட்டின் கொடை என்று பெரியவரிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. 1858-இல் ஷெஃபீல்டில் ஸ்டீவன்சன் என்ற பந்துவீச்சாளர் அடுத்தடுத்து மூன்று பந்தில் மூன்று விக்கெட் எடுக்க, ஜனங்கள் வசூல் செய்து அவருக்கு ஒரு தொப்பி வாங்கிக் கொடுத்தார்கள். அங்கே ஆட்டக்காரருக்குத் தொப்பி கிடைத்தது. இங்கே ஐஸ் ஹாக்கியில் ஒருவர் மூன்று கோல் அடித்தால் பார்க்கிறவர்கள் தங்கள் தலையில் இருக்கும் தொப்பியைக் கழற்றிப் பனியில் எறிகிறார்கள்.

போன பிப்ரவரியில் அதை நேரில் பார்த்தேன். கடைசிக் கட்டத்தில் எங்கள் ஆள் மூன்றாவது கோலைத் தள்ளியதும் அரங்கம் முழுக்கத் தொப்பிகள் பறந்தன. பேஸ்பால் தொப்பி, கம்பளிக் குல்லா, ஒரு கௌபாய் தொப்பிகூட. மகள் தன்னுடைய இளஞ்சிவப்புக் குல்லாவை எறிந்தாள். அது கண்ணாடியைத் தாண்டவில்லை, முன்வரிசைக்காரர் எடுத்து அவளுக்காகப் போட்டார். ஆர்வத்தில் நானும் என் குல்லாவைக் கழற்றி வீசிவிட்டேன். பெரியவர் மட்டும் இரண்டு கையாலும் குப்பைத்தொட்டித் தொப்பியைத் தலையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்க எறியலையா?" என்று மகள் கேட்டாள்.

"இது ஏற்கெனவே ஒரு தடவை குப்பைக்குப் போனதும்மா" என்றார்.

ஆட்டம் நின்றது. இரண்டு பையன்கள் சக்கரம் வைத்த பெரிய குப்பைத்தொட்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு பனியில் வழுக்கி வழுக்கி வந்து, தொப்பிகளைக் கை கையாக அள்ளி உள்ளே போட்டார்கள். என் குல்லாவும் போனது. வெளியே கார் நிறுத்துமிடத்தில் சைபருக்குக் கீழே பன்னிரண்டு டிகிரி. கார் வரை காதைப் பொத்திக்கொண்டு ஓடினேன்.